உங்கள் பின்சக்கரம் வேறு வழியில் போகிறது

கேள்வி: எனக்கு வயது 36. ஒன்பது வருடங்களாகச் சரக்கு வேன் ஓட்டுகிறேன். இதுவரை வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. பஸ் ஓட்டுநராக வேண்டும் என்ற ஆசையில் சொந்தச் செலவில் கனரக வாகனப் பயிற்சிக்குப் போய், இரண்டே வாரத்தில் தேர்வுக்குப் போனேன். இருபது நிமிடத்தில் தோல்வி. ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் நடைபாதை மேல் ஏறிவிட்டது. 'பிரேக் முரடு' என்றும் தாளில் எழுதியிருக்கிறார்கள். நான் உயரம் குறைந்தவள்; அதுதான் காரணமா? இப்போது, தாங்களே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். இந்தத் தோல்வியையும், நான்கு வருடங்களுக்கு முன்பு அதிக வேகத்துக்காகக் கட்டிய ஓர் அபராதத்தையும் அவர்களிடம் சொல்ல வேண்டுமா? என் படிப்பு பள்ளியோடு நின்றுவிட்டது. நேர்காணல் என்றாலே நடுக்கமாக இருக்கிறது. வீட்டில் 'வேன் போதாதா' என்கிறார்கள். இந்த வேலைக்கு நான் லாயக்கா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

22 வருடங்கள் பஸ் ஓட்டினேன். அதன் பிறகு 11 வருடங்கள் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். உங்கள் கடிதத்தில் 'ஒரு கீறல்கூட விழுந்ததில்லை' என்ற இடத்தில் சற்று நின்றுவிட்டேன். என்னிடம் வந்த வேன்காரர்களும் லாரிக்காரர்களும் பெரும்பாலும் இதே வாக்கியத்தோடுதான் வந்தார்கள். நல்ல சான்றுதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் கதை ஒன்றைக் கேளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். முன்னே போன கார் திடீரென்று நின்றது. நானும் நிறுத்தினேன். இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி மிச்சம் இருந்தது. எனக்குள் ஒரு பெருமிதம்கூட வந்தது. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், இருக்கையிலிருந்து எழுந்து கதவை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் தரையில் கிடந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அன்று மாலை நான் நிரப்பிய படிவத்தில் 'வாகனத்துக்கு ஏற்பட்ட சேதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதும்போது கை கூசியது இன்னும் நினைவிருக்கிறது. முன்னே போன கார் நிற்கப்போகிறது என்பதற்கு அறிகுறிகள் இருந்தன. நான்தான் பார்க்கவில்லை. நிறுத்த எனக்கு 80 மீட்டர் இருந்தது. நான் பயன்படுத்தியது 20.

அதனால்தான் உங்கள் தேர்வுத் தாளில் இருக்கும் இரண்டு குறிப்புகளில், நடைபாதை ஏறியதைவிட 'பிரேக் முரடு' என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். சக்கர விஷயம் வெறும் கணக்கு. ஒரு வாரத்தில் சரியாகிவிடும். முதலில் அதை முடித்துவிடுவோம்.

பள்ளியோடு படிப்பு நின்றது என்கிறீர்கள். செங்கோண முக்கோணம் பள்ளியிலேயே வந்திருக்கும். 6, 8, 10 என்ற பக்கங்கள் நினைவிருக்கிறதா? உங்களைத் தோற்கடித்தது அந்த முக்கோணம்தான். ஒரு திருப்பத்தில் முன் அச்சின் நடுப்புள்ளி 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகிறது என்று வையுங்கள். உங்கள் வேனில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3 மீட்டர் தூரம் இருந்தால், பின் அச்சு ஏறக்குறைய ஒன்பதரை மீட்டர் ஆரத்தில் வரும். முன்சக்கரம் போன தடத்தைவிட அரை மீட்டருக்கும் குறைவாகத்தான் உள்ளே வெட்டுகிறது. ஒன்பது வருடமாக உங்கள் கைகள் பழகியது இந்த அரை மீட்டருக்கு. 12 மீட்டர் நீளமுள்ள பஸ்ஸில் அச்சுகளின் இடைவெளி கிட்டத்தட்ட 6 மீட்டர். அதே திருப்பத்தில் முக்கோணத்தின் நீண்ட பக்கம் முன் அச்சின் ஆரமான 10, இன்னொரு பக்கம் இந்த 6; மிச்சப் பக்கமான 8 மீட்டர்தான் பின் அச்சின் ஆரம். முழுதாக இரண்டு மீட்டர் உள்ளே வந்துவிடுகிறது. இடைவெளி இரட்டிப்பானால் வெட்டு நான்கு மடங்காகிறது. வேனில் திரும்பிய அதே இடத்தில் பஸ்ஸைத் திருப்பினால் பின்சக்கரம் நடைபாதை ஏறாமல் வேறு எங்கே போகும்?

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வேனில் முன்சக்கரம் உங்கள் காலடியிலேயே, அல்லது அதற்குச் சற்று முன்னால் இருக்கும். பெரும்பாலான நகரப் பஸ்களில் ஓட்டுநர் முன்சக்கரத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சக்கரம் உங்கள் முதுகுக்குப் பின்னால் சுழல்கிறது. ஆகவே மூலைக்கு வந்ததும் ஸ்டீயரிங்கை ஒடித்தால் அது அவசரப்பட்டதாகும். உங்கள் உடம்பு மூலையைத் தாண்டி, திரும்ப வேண்டிய சாலையின் நடுப்பகுதிக்கே போய்விட்டது போல் தோன்றும். 'ஐயோ, எதிர்ப்பக்கம் மோதப்போகிறேன்' என்று வயிற்றில் ஒரு பயம் வரும். அந்தப் பயம் வந்த பிறகு திருப்புங்கள். அதற்கு முன்னால் திருப்பினால் சீக்கிரம். பயிற்சி கொடுத்த காலத்தில் நான் அதிகம் சொன்ன சொல் 'இன்னும்' என்பதாகத்தான் இருக்கும். இன்னும், இன்னும், இன்னும், இப்போது.

திருப்பும்போது உள்பக்கக் கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பாருங்கள். ஒருமுறை பார்த்துவிட்டு விடக் கூடாது. சக்கரம் மூலையைக் கடக்கும் வரை முன்னால் ஒரு பார்வை, கண்ணாடியில் ஒரு பார்வை என்று மாறிமாறிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். இடைவெளி குறைவது தெரிந்தால் ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்தி வெளியே விடலாம். வேகம் நடை வேகமாக இருந்தால் இதற்கெல்லாம் நேரம் உண்டு. மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. பின் அச்சுக்குப் பின்னால் 3 மீட்டருக்கு மேல் உடம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஒரு பக்கம் திரும்பினால் அந்த வால் மறுபக்கம் அரை மீட்டருக்கு மேல் வீசும். பஸ் நிறுத்தத்திலிருந்து அவசரமாகச் சாலைக்குள் ஒடித்து வெளியேறினால், நடைபாதையில் விளிம்பை ஒட்டி நிற்பவரின் தோளை அந்த வால் தட்டும். வேனுக்கு அப்படி ஒரு வாலே இல்லை என்பதால் வேன்காரர்களுக்கு அது ஞாபகத்தில் வருவதில்லை.

உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பஸ்ஸின் இருக்கையை ஏற்றலாம், இறக்கலாம், முன்னே தள்ளலாம்; ஸ்டீயரிங்கையும் பெரும்பாலும் சாய்த்துக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: முதுகு இருக்கையில் படிந்திருக்க, பிரேக்கை அடிவரை மிதித்தாலும் முழங்கால் முழுதாக நீளாமல் சற்று மடங்கி இருக்கிறதா, எல்லாக் கண்ணாடிகளும் தலையை நகர்த்தினாலே தெரிகின்றனவா? தெரிந்தால் போதும். இன்னொருவர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக, முன்பு ஓட்டியவர் வைத்துவிட்டுப் போன இருக்கை நிலையிலேயே உட்கார்ந்து ஓட்டாதீர்கள். தேர்வில் இருக்கையையும் கண்ணாடிகளையும் சரிசெய்ய மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டதற்காக யாரையும் தோற்கடித்து நான் பார்த்ததில்லை.

இனி பிரேக். நீங்கள் முரட்டுப் பெண் என்று யாரும் சொல்லவில்லை. வேனின் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. காலால் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு பிடிக்கும். பிடிப்பதைக் காலும் உணரும். பஸ்ஸில் இருப்பது ஏர் பிரேக். அங்கே மிதிகட்டை ஒரு வால்வு, அவ்வளவுதான். அதை எவ்வளவு தூரம் அமுக்குகிறீர்களோ அதற்கேற்ற காற்று, தொட்டியிலிருந்து குழாய் வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. போய்ச் சேர நேரம் எடுக்கும், அரை விநாடி வரைகூட. வேன்காரர் மிதிக்கிறார், உடனே ஒன்றும் நடப்பதில்லை, பயந்து இன்னும் மிதிக்கிறார், அதற்குள் முதலில் அனுப்பிய காற்றும் இரண்டாவதாக அனுப்பியதும் சேர்ந்து வந்து கவ்வுகின்றன. எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள். உங்கள் தேர்வாளர் பார்த்தது இதைத்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

மருந்து எளிது. ஒரே அளவாக மிதித்துக் காத்திருங்கள். முன்கூட்டியே தொடங்குங்கள், நடுவில் தேவையான அளவு பிடியுங்கள், நிற்கப்போகும் கடைசி நொடியில் காலைச் சற்றுத் தளர்த்துங்கள். பஸ் தலையை ஆட்டாமல் நிற்கும். பழைய ஓட்டுநர்கள் ஓட்டும்போது வண்டி எப்போது நின்றது என்றே தெரியாது. அந்தக் கடைசி நொடித் தளர்த்தல்தான் அதன் ரகசியம். இதற்கு நேர்மாறாக, லேசாகத் தொடங்கிக் கடைசியில் இறுக்குவதுதான் புதியவர்களின் வழக்கம். பயணிகள் சரியாக அந்த நேரத்தில்தான் இறங்குவதற்காக எழுந்து நிற்கிறார்கள்.

எவ்வளவு முன்கூட்டி? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 14 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்றால், அதற்குள் பஸ் தன் முழு நீளத்தைவிட அதிக தூரம் ஓடிவிட்டது. காற்று வந்துசேரும் அரை விநாடியில் இன்னும் 7 மீட்டர். இவை இரண்டும் பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே செலவான தூரம். அதன் பிறகு, நின்றுகொண்டிருக்கும் பயணி தள்ளாடாமல் இருக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு விநாடிக்கும் மணிக்கு 4, 5 கி.மீ. என்ற அளவில்தான் வேகத்தைக் குறைக்கலாம். அப்படிக் குறைத்தால் 50-இலிருந்து நிற்பதற்குச் சுமார் 12 விநாடி, 80 மீட்டர் வேண்டும். என் கதையில் சொன்ன 80 மீட்டர் அதுதான். பஸ்ஸால் இதைவிட மிகக் குறைந்த தூரத்தில் நிற்க முடியும். பயணிகளால் முடியாது. பஸ் பயணிகளுக்கு ஏற்படும் காயங்களில் கணிசமானவை எதிலும் மோதாமலேயே, திடீர் பிரேக்கிலும் திடீர்ப் புறப்பாட்டிலும் விழுவதால் வருபவை. சரக்கு வேனில் பெட்டிகளைக் கயிற்றால் கட்டிவைத்தீர்கள். இங்கே சரக்கு எழுந்து நடக்கிறது, பையில் சில்லறை தேடுகிறது, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொள்கிறது.

ஏர் பிரேக்கைப் பற்றி நேர்காணலிலும் கேட்பார்கள். அதனால் இன்னும் கொஞ்சம். பெரும்பாலான பஸ்களில் தொட்டியில் 8 பார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் அல்லது அதற்குச் சற்று மேல் காற்றழுத்தம் இருக்கும். நிறுத்திவைக்கும் பிரேக்கைப் பிடிப்பது காற்று அல்ல, ஒரு வலுவான ஸ்பிரிங். காற்று அந்த ஸ்பிரிங்கை அமுக்கி விடுவிக்கிறது. ஆகவே காற்று வெகுவாகக் கசிந்துவிட்டால் வண்டி ஓடாது, தானாகவே பிடித்துக்கொள்ளும். கோளாறு வந்தால் நிற்பது என்ற இந்த யோசனை பஸ்ஸைவிடப் பழையது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயிலுக்குக் காற்று பிரேக் கண்டுபிடித்தபோது, காற்று போனால் பிரேக்கும் போய்விடும் என்ற குறை இருந்தது. 1872-இல் அதைத் தலைகீழாக்கினார்: குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். இன்றைய பஸ்ஸில் அந்த வேலையை ஸ்பிரிங் செய்கிறது. அழுத்தம் குறைவதற்கான எச்சரிக்கை ஒலி கேட்டால் 'பணிமனை வரை ஓட்டிவிடலாம்' என்று நினைக்கக் கூடாது. ஓரம் கட்டுவதற்கு உங்களுக்குக் கிடைத்த அவகாசம் அந்த ஒலி மட்டும்தான். அதேபோல் இறக்கத்தில் பிரேக்கை மறுபடி மறுபடி மிதித்துக்கொண்டே போனால் காற்றும் தீரும், சக்கரத்தின் பிரேக் டிரம்மும் சூடேறிப் பிடிமானம் குறையும். சரிவில் இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, ரிட்டார்டர் (சக்கர பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் துணைக் கருவி) இருந்தால் அதைப் போட்டு, என்ஜினைக் கொண்டு வண்டியைப் பிடித்துவைப்பதுதான் முறை. மின்சார பஸ் கொடுத்தால் இன்னொரு பாடம்: அதில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கும். காலைப் படக்கென்று எடுத்தால் அதுவே ஒரு திடீர் பிரேக்.

விண்ணப்பத்துக்கு வருவோம். அபராதத்தைச் சொல்லுங்கள். தோல்வியையும் சொல்லுங்கள். ஓட்டுநரின் பழைய பதிவுகளைச் சரிபார்க்காமல் ஒரு பஸ்ஸைக் கையில் கொடுக்கும் நிறுவனம் இருந்தால், அங்கே நீங்கள் வேலைக்குச் சேர வேண்டாம் என்பேன். தேர்வுக் குழுவில் சில வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முந்தைய ஓர் அபராதத்துக்காக நாங்கள் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அதை மறைத்தவர்களை அனுப்பியிருக்கிறோம். சொல்லும்போது விளக்கம் நீட்டாதீர்கள். 'அவசரமாகப் பொருள் சேர்க்க வேண்டியிருந்தது, கேமரா மரத்துக்குப் பின்னால் இருந்தது' என்றெல்லாம் ஆரம்பித்தால், நேரம் தவறினால் வேகம் எடுப்பவர் என்றுதான் எதிரில் இருப்பவர் குறித்துக்கொள்வார். வேகம் அதிகம், தவறு என்னுடையது, அதன் பிறகு இல்லை. மூன்று வரி போதும். தோல்வியைப் பற்றி ஒருபடி மேலே போகலாம்: பின்சக்கரம் ஏன் ஏறியது என்பதை 6, 8, 10 என்று சொல்லிவிடுங்கள். என் எதிரில் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்றிருப்பேன்.

நேர்காணலில் படிப்பைச் சோதிக்க மாட்டார்கள். ஏதாவது ஒரு சூழ்நிலையைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்பார்கள். டிக்கெட் எடுக்க மறுக்கும் பயணி. குடித்துவிட்டுச் சண்டை போடுபவர். கதவு மூடிய பிறகு ஓடிவந்து தட்டுபவர். ஏழு நிமிடம் தாமதம். இவற்றுக்கெல்லாம் புதியவர்கள் வீரமாகப் பதில் சொல்வார்கள். 'இறக்கிவிடுவேன்', 'தட்டிக் கேட்பேன்', 'அடுத்த நிறுத்தத்துக்குள் நேரத்தைப் பிடித்துவிடுவேன்.' கடைசிப் பதில்தான் மிக மோசம். தாமதத்தைச் சாலையில் பிடிக்க முடியாது. கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு அட்டவணையை அவர்கள் பார்த்துக்கொள்ள விடுவதுதான் உங்கள் வேலை. சண்டைக்காரரிடம் நீங்கள் இருக்கையை விட்டு எழுந்து போனால், ஓட்டுநர் இல்லாத பஸ் ஒன்று சாலையில் நிற்கிறது என்று அர்த்தம். வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்துவேன், பிரேக் போடுவேன், தகவல் சொல்வேன், அமைதியாகப் பேசுவேன் என்ற வரிசையில் சொல்லுங்கள். ஓடிவந்து தட்டுபவருக்கு ஒரே பதில் கிடையாது. வண்டி இன்னும் நகரவில்லை, கண்ணாடிகளில் சாலை தெளிவாக இருக்கிறது என்றால் திறக்கலாம். நகர ஆரம்பித்துவிட்டால் திறக்கக் கூடாது. பின்னால் எத்தனை திட்டு விழுந்தாலும் சரி.

ஒன்றை அவர்கள் நிச்சயம் கேட்பார்கள், நீங்கள் அதை யோசித்திருக்க மாட்டீர்கள்: விடியற்காலை முதல் டியூட்டிக்குப் பணிமனைக்கு எப்படி வருவீர்கள்? முதல் பஸ்ஸை எடுக்கப் போகிறவருக்கு பஸ் கிடையாது. கடைசி வண்டியைக் கொண்டுவந்து விட்டவருக்கும் அப்படித்தான். வீட்டிலிருந்து பணிமனை எவ்வளவு தூரம், சொந்த வண்டி இருக்கிறதா என்பதற்கு உறுதியான பதிலோடு போங்கள்.

நீங்களும் அவர்களிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும். இலவசப் பயிற்சி என்றால் ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதி பல இடங்களில் இருக்கும். எவ்வளவு காலம், எவ்வளவு தொகை, அவர்களே உங்களை அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா? உரிமம் கிடைத்த பிறகு தனியாக விடுவதற்கு முன் எத்தனை நாள் பக்கத்தில் ஒருவர் இருப்பார்? காலையில் நான்கு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம், நடுவில் சம்பளமில்லாத இடைவெளி என்று பிரிந்த ஷிப்டுகள் எத்தனை வரும்? நகரப் பஸ்ஸில் காலை நெரிசலும் மாலை நெரிசலும்தான் வேலையைத் தீர்மானிக்கின்றன. எட்டு மணி நேர வேலை என்பார்கள். வீட்டை விட்டுப் புறப்பட்டுத் திரும்பும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பதின்மூன்று வரும். வீட்டில் 'வேன் போதாதா' என்று கேட்பவர்களுக்கும் இந்த அட்டவணையைக் காட்டிவிடுங்கள். அவர்கள் சம்மதிக்க வேண்டியது பஸ்ஸுக்கு அல்ல, அந்த நேரங்களுக்கு.

மருத்துவப் பரிசோதனையில் கண், காது, ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கண்ணாடி அணிந்தால் தடையில்லை. ஓரப் பார்வை குறைவாக இருந்தால்தான் சிக்கல். ஒன்றைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்: பலத்த குறட்டை. தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் இருந்தால் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் பகலில் கண் சொருகும். 50 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி கண் சொருகினால் 42 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் பஸ் போகிறது. சிகிச்சை உண்டு, வேலையும் போகாது, முன்பே சொன்னால். நோயே இல்லாவிட்டாலும், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், பல நாடுகள் சட்ட வரம்பாக வைத்திருக்கும் 0.05 சதவீத மது ரத்தத்தில் இருப்பவரின் அளவுக்குத் தடுமாறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடித்துவிட்டு வரக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தூங்காமல் வருவதை மட்டும் உழைப்பு என்று பாராட்டிக்கொள்கிறோம்.

இருக்கைக்கும் ஒரு விலை உண்டு. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களுக்கு, மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களைவிட மாரடைப்பு அதிகம். உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முன்னோடி ஆய்வு அது. இதில் எனக்குப் பிடித்த பகுதி பிறகு வந்தது: அவரே 1956-இல் சீருடைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்பளவு வேலைக்குச் சேரும்போதே கண்டக்டர்களைவிடப் பெரியதாக இருந்தது. இருக்கையை மட்டும் குறை சொல்ல முடியாது போலிருக்கிறது! எப்படியானாலும், ஒவ்வொரு நடை முடிந்ததும் இறங்கி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடங்கள். முதுகுக்கும் நல்லது, டயரில் சிக்கிய ஆணியும் கண்ணில் படும்.

மறுபடி தேர்வுக்குப் போகும் முன், பஸ் இல்லாமலே செய்யக்கூடிய பயிற்சிகள் இருக்கின்றன. உங்கள் வேனின் பின்பகுதியில் உயரமான, காலியான ஓர் அட்டைப் பெட்டியைக் கட்டாமல் நிறுத்திவையுங்கள். நாள் முழுக்க அது விழாமல் ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் பத்துமுறை விழும். பத்தாவது நாள் விழாது. அடுத்து, ஓட்டும்போது கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'முன்னால் சைக்கிள், அதற்கு முன்னால் நின்ற கார், காரில் ஆள் இருக்கிறார், கதவு திறக்கலாம், வேகம் குறைக்கிறேன்.' பைத்தியம் என்று நினைப்பார்கள்; நினைக்கட்டும். வாய் சொல்வதற்குள் கால் மிதித்துவிட்டது என்றால் நீங்கள் தாமதமாகப் பார்க்கிறீர்கள் என்று பொருள். அப்புறம், பயணியாக பஸ்ஸில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்காருங்கள். ஓட்டுநர் செய்வது அங்கேதான் உடம்பில் தெரியும். நல்ல ஓட்டுநர் ஒருவர் கிடைத்தால் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு அதே வண்டியில் திரும்புங்கள்.

இரண்டு வாரப் பயிற்சி உங்களுக்குப் போதவில்லை. அது உங்கள் குறையல்ல. நான் பார்த்தவரை, வேன் பழகிய கைகளுக்கு முதல் வாரம் பழையதை மறக்கவே போய்விடுகிறது. லாயக்கா என்ற கேள்விக்கு நான் கடிதத்திலிருந்து பதில் சொல்ல முடியாது. ஆனால் தோற்றது ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் தோற்றவர்கள் பலர் தேர்வாளரைப் பற்றித்தான் எழுதினார்கள்.

சக்கரம் ஏறிய அந்த மூலைக்கு ஒருநாள் நடந்தே போங்கள். அரை மணி நேரம் நின்று, பஸ்கள் திரும்புவதைப் பாருங்கள். ஓட்டுநரின் முகம் மூலையைத் தாண்டி எவ்வளவு தூரம் போன பிறகு சக்கரம் ஒடிகிறது, பின்சக்கரம் விளிம்புக்கு எத்தனை விரல் தள்ளிக் கடக்கிறது என்று கவனியுங்கள். பார்க்கும்போது விளிம்பிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளியே நில்லுங்கள். அன்றைக்கு உங்களைப் போலவே யாராவது தேர்வு கொடுத்துக்கொண்டிருக்கலாம்.